செத்தவீட்டுக்கு ஒரு பட்டன்

1.

இது ஒரு பக்கத்தில் முடிந்திருக்க வேண்டிய விசயம். எங்கள் கடைக்கு வெப்சைட் செய்து தந்த பிரதீபா என்கிற பிள்ளை போன வெள்ளிக்கிழமை ஒரு புதுக் கொப்பியை என் கையில் தந்தா.

"அங்கிள், இந்த வெப்சைட்டிலை சனத்துக்கு என்ன கஷ்டம் எண்டு உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதித் தாங்கோ. ஒரு பக்கம் காணும். திங்கட்கிழமை வந்து வாங்கிறன்."

எழுதலாம். ஒரு பக்கம் கூடத் தேவையில்லை, நாலு வரி காணும். ஆனால் அந்த நாலு வரியை எழுதினால் எனக்கு ஒரு கதிரை இல்லாமல் போகும். அதனால் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று எழுதத் தொடங்கி, இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து பார்க்கிறேன், கொப்பி பாதிக்கு வந்துவிட்டது. இதற்குக் கதை என்று பெயர் வைத்தால் குற்றம் குறையும் என்று நினைத்தேன்.

என் பெயர் சிமியோன். குருநகர். வயது ஐம்பத்தாறு. யாழ்ப்பாணக் கச்சேரிக்கு (அரசாங்க அலுவலகம்) கிட்ட இருக்கிற 'சீவரத்தினம் மங்கள சேவை'யில் பதினெட்டு வருசமாகக் கதிரை தூக்குகிறேன். பந்தல், கதிரை, மேசை, சமையல் கிடாரம் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிற கடை. ஒரு காலத்தில் பத்துக் கதிரையை அடுக்கி ஒரேயடியாகத் தூக்கினவன். இப்போது ஆறு. ஏழாவதை வைத்தால் முழங்கால் கதைக்கத் தொடங்கும். இந்த ஊரில் எல்லாரும் நான் தூக்கின கதிரையில் இருந்திருக்கிறார்கள், என்னைத் தவிர.

2.

முதலில் எழுதின தொடக்கம் இது:

"காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி அரியாலைக் கடனீரேரியைத் தழுவிக்கொண்டிருந்த வேளையிலே, தென்னங்கீற்றுகள் சாமரம் வீச, பறவையினங்கள்

பறவையினங்கள் என்ன செய்தன என்று எனக்கே தெரியவில்லை. அதிலேயே நிறுத்திவிட்டு பாலேஸ்வரிக்கு வாசித்துக் காட்டினேன். பாலேஸ்வரி எங்கள் கடையில் கிடாரம் மினுக்கிறவ. என்னிலும் பத்து வயது குறைவு, வாய் இருபது வயது கூட.

"சிமியோண்ணை, ஆள் எப்ப வரும்?"

"எந்த ஆள்?"

"கதையிலை ஆள். சூரியன் வந்திட்டுது, தென்னை வந்திட்டுது, குருவியும் வந்திட்டுது. எனக்கு இன்னும் நாலு கிடாரம் கிடக்கு. இது எங்கடை வெப்சைட்டின்ரை முதல் பக்கம் மாதிரியெல்லோ போகுது."

சரியாகத்தான் சொன்னா. எங்கள் வெப்சைட்டைத் திறந்தால் முதலில் ஆறு படம் ஓடும். முதலாளி மாலையோடு. மயில் மணவறை. மயில் மணவறையில் முதலாளி. மிச்சம் மூன்றையும் நீங்களே ஊகிக்கலாம். ஆறும் ஓடி முடியும் வரைக்கும் ஒரு பட்டனும் வராது. கதிரை கேட்டு வந்த சனம் வாசலில் நின்று முதலாளியின் அல்பம் பார்க்க வேண்டும்.

சூரியனை வெட்டினேன். இரண்டாவது தொடக்கம்: "சிமியோன் ஏழை. ஆனாலும் நேர்மையானவன்."

இதை என் மனிசி யோசப்பின் வெட்டினா. "ஏழை எண்டது சரி. மற்றதை விசாரிச்சுப்போட்டு எழுதுங்கோ" என்றா.

(திரும்பிப் போய் முதலாம் பகுதியை வாசிக்க வேண்டுமென்றால் போகலாம். எங்கள் வெப்சைட்டில் திரும்பிப் போனால் அதுவரை எழுதினதெல்லாம் அழிந்துவிடும். இங்கே ஒன்றும் அழியாது.)

3.

நான் எழுத்துப் படித்தது நாற்பத்தொன்பது வயதில். புத்தகம் மரண அறிவித்தல். யாழ்ப்பாணத்தில் ஒருவர் செத்தால் லைற் போஸ்ற், மதில், பஸ் தரிப்பிடம் எல்லாத்திலும் படத்தோடு அறிவித்தல் ஒட்டுவார்கள். கடைப் பட்டாவின் (சின்ன லொறிக்கு எங்கள் ஊர்ப் பெயர் பட்டா) பின்பக்கத்தில் கிடாரங்களுக்கு நடுவில் இருந்துகொண்டு பாலேஸ்வரி அவற்றைச் சத்தமாக வாசிப்பா. நான் எழுத்தைப் பார்த்துக்கொண்டு வருவேன். நானாக முதன்முதல் வாசித்த சொல், எல்லா அறிவித்தலிலும் செத்தவரைச் சொல்கிற 'அன்னார்'. கன நாளாக, அன்னார் என்று ஒரு ஆள்தான் திரும்பத் திரும்பச் சாகிறார் என்று நினைத்திருந்தேன்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. அந்த அறிவித்தலைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கோ. படம் பெரிது. பெயர் அதைவிடப் பெரிது. எங்கே, எத்தனை மணிக்கு, எந்தச் சுடலை, ஆருக்குப் போன் எடுக்கிறது. சைக்கிளில் போகிறவன் பிரேக் பிடிக்காமல் வாசித்துவிட்டுப் போகலாம். அதை அடித்தவர்கள் ஒருவரும் இதற்கென்று படிக்கவில்லை. வாசிக்கிறவன் அவசரத்தில் இருக்கிறான் என்று மட்டும் தெரிந்து வைத்திருந்தார்கள்.)

இனிக் கதிரைக்கு வருகிறேன். கடையில் ஒரு போன் மேசை உண்டு. அதில் இருபத்தைந்து வருசம் இருந்தவர் சிவக்கொழுந்து அண்ணை. போன் அடித்தால் வணக்கம் சொல்லமாட்டார். "என்ன வீடு?" என்றுதான் கேட்பார். கலியாணவீடு என்றால் அதற்குப் பிறகு இருபது கேள்வி. செத்தவீடு என்றால், எந்தத் தெருவுக்குள் போவது என்று ஒரே ஒரு கேள்வி: "எந்த ஒழுங்கை?" கதிரை எத்தனை, மேசை எத்தனை என்று அந்த வீட்டில் கேட்கக்கூடாது. நூறு கதிரையும் ஒரு பந்தலும் தானாகப் போகும்.

போன மார்கழியில் சிவக்கொழுந்து அண்ணை மகளிடம் கனடாவுக்குப் போனார். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"சிமியோன், உமக்கு எழுத்தும் தெரியும், முழங்காலும் சரியில்லை. பொங்கல் கழிய உந்த மேசையிலை நீர் இரும்."

அந்தக் கதிரைக்குக் கை வைக்க இடம் இருந்தது. வீட்டுக்குப் போய் யோசப்பினிடம் முதலில் சொன்னது அதைத்தான்.

பொங்கல் வந்தது. அதோடு வெப்சைட்டும் வந்தது.

"மூண்டு மாசம் பாப்பம்" என்றார் முதலாளி. "வெப்சைட் நல்லா ஓடினால் போன் மேசை என்னத்துக்கு? ஓடாட்டில் அதை மூடிப்போட்டு நீர் இரும்."

இப்போது விளங்கியிருக்கும். வெப்சைட் நன்றாக இருந்தால் நான் நிற்க வேண்டும். வெப்சைட் கூடாமல் இருந்தால் நான் இருக்கலாம்.

4.

முதலாளி சீவரத்தினத்தைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. செத்தவீட்டுக்குப் போன பந்தலை எட்டாம் நாள் எட்டுச்செலவு வரைக்கும் விட்டு வைத்து, அதற்கு ஒரு சதமும் கேட்காத மனிசர். ஆனால் 'மங்கள சேவை' என்ற பெயருக்கு அவர் பயம். வெப்சைட் திறக்கிற அன்றைக்கு விடியக் கீரிமலைக்குப் போய்க் கேணியில் முழுகி, நகுலேஸ்வரத்தில் அரிச்சனை செய்து, வந்து கொம்பியூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்துத்தான் திறந்தார். பொட்டு இன்னும் இருக்கிறது.

அதற்கு முதல் நாள் நடந்த கதை இது. நான் கதிரை துடைத்துக்கொண்டு நின்று கேட்டது.

"சேர், செத்தவீட்டுக்கு ஒரு பட்டன் வைக்க வேணும். உங்கடை ஓடரிலை அரைவாசி அதுதானே" என்றா பிரதீபா.

"பிள்ளை, கடையின்ரை பேர் என்ன?"

"மங்கள சேவை."

"அப்ப? பாலும் பழமும் வைச்சுத் திறக்கிற இடத்திலை அந்தச் சொல்லு வரலாமோ?"

"அப்ப அந்தச் சனம் எதை அமத்திறது?"

"கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள், வீடு குடிபூரல். கடைசியா 'ஏனையவை' எண்டு ஒண்டு போடும். அதை அமத்தட்டும்."

கிடாரத்துக்குள் தலையை விட்டிருந்த பாலேஸ்வரி எனக்கு மட்டும் கேட்கச் சொன்னா: "கீரிமலையிலை செத்தவைக்கு அந்தியேட்டி செய்து முழுகிற சனத்துக்கு ஏனையவைக் கேணி எண்டு தனியா ஒண்டு வெட்டி விட்டிருக்கினமோ?"

'ஏனையவை'யை அமத்தினால் என்ன வரும்? அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

5.

விரைவில்.

6.

கோபம் வந்ததோ? வந்திருந்தால் நல்லது. 'ஏனையவை'யை அமத்தினால் வருகிற பக்கம் அதுதான். வெள்ளைப் பக்கத்தில் நடுவில் ஒரே சொல்லு: 'விரைவில்'. அந்தப் பக்கத்தில் என்ன எழுத வேண்டும் என்று சொல்ல முதலாளிக்கு மனம் வரவில்லை. அதனால் பிரதீபா அதை அப்படியே விட்டுவிட்டா.

உங்களுக்கு ஒரு கதைதான் தடைப்பட்டது. இந்தச் சித்திரை மாதம் ஒரு நாள் காலமை அரியாலையில் உதயகலா என்ற ரீச்சர், உள்ளே தகப்பனைக் கிடத்தி வைத்துக்கொண்டு அதே பட்டனை அமத்தினா. அவவுக்கும் 'விரைவில்' என்றுதான் வந்தது.

அவ அதுவரைக்கும் வந்து சேர்ந்ததே பெரிய காரியம். வெப்சைட்டைத் திறந்தவுடனே அது தானாக நாதஸ்வரம் வாசிக்கும், கெட்டிமேளத்தோடு. ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்த பொம்பிளைகள் எல்லாரும் நிறுத்திவிட்டு அவவின் போனைப் பார்த்தார்களாம். அவ போனைச் சேலைக்குள் பொத்திக்கொண்டு கிணத்தடிக்கு ஓடியிருக்கிறா. அங்கே நின்று ஆறு படமும் பார்த்தா. 'ஏனையவை'யை அமத்தினா. திரும்பி வந்தா. வேறு வழியில்லாமல் முதலாவது பட்டனையே அமத்தினா: கலியாணம். திகதி கேட்டது. இன்றைய திகதியை அது எடுக்காது, மூன்று நாள் தள்ளித்தான் எடுக்கும். மூன்று நாளைக்கு முன்னமே சொல்லிவிட்டா சாகிறது? அவ ஏதோ ஒரு திகதியைப் போட்டு, கீழே இருந்த குறிப்புப் பெட்டி இடம் விட்ட நாலைந்து சொல்லுக்குள் அவசரத்தை மட்டும் எழுதினா.

போன் நம்பர் இருந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில், எறும்பு மாதிரி எழுத்தில். அவ கண்டுபிடித்து எடுத்தும் பார்த்தாவாம். வெப்சைட் வந்தபிறகு எதற்கென்று முதலாளி போனை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்.

கடையில் வெப்சைட் ஓடர் அடிக்கிற மெசின் ஒரு துண்டைத் துப்பியது. நான் கிழித்து வாசித்தேன். நான்தான் வாசித்தேன், எழுத்துத் தெரிந்தவன் அல்லவா.

"கலியாணம். அரியாலை. கதிரை நூறு. பந்தல் ஒன்று. குறிப்பு: இன்றே தேவை. பதினொரு மணிக்கு முன்."

"இண்டைக்கே கலியாணமோ?" என்றான் றோய். எங்கள் பட்டா ஓடுகிறவன்.

பாலேஸ்வரிக்கு உடனே விளங்கிவிட்டது. "ஓடின சோடி பிடிபட்டிட்டுது. தாய் தேப்பன் இப்பதான் ஓம் எண்டிருக்கினம். மனம் மாற முதல் கட்டி வைக்கப் போகினம்."

மூன்று பேருக்கும் மனம் இளகிவிட்டது. பாவம், சின்னஞ்சிறுசுகள். கேட்காத மயில் மணவறையையும் ஏற்றினோம். கதிரைகளுக்குப் பொன் நிறப் பட்டி கட்டினோம். ரீச்சர் தகப்பனுக்குக் கடைசியாகப் பால் பருக்க முடியாமல் போன துக்கத்தில் இருந்த நேரம் நாங்கள் இங்கே மயிலின் தோகையைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

எழுத்துத் தெரியாத சிமியோன் என்றால் போனை எடுத்து "என்ன வீடு?" என்று கேட்டிருப்பான். இதை எழுதிவிட்டு இரண்டு தரம் வெட்டினேன். பிறகும் எழுதினேன். இருக்கட்டும்.

7.

எங்கள் ஊரில் ஒழுங்கை முகப்பில் நின்று பார்த்தாலே உள்ளே என்ன வீடு என்று தெரியும். தோரணம் சொல்லும். நல்ல காரியம் என்றால் தோரணத்தில் மடித்த ஓலைக் குருவி மேலே பார்க்கும். செத்தவீடு என்றால் கீழே பார்க்கும். ஒருவரும் ஒருவரையும் கேட்கத் தேவையில்லை. பிரதீபா தன் படிப்பில் இதற்கு ஒரு பெரிய பெயர் இருக்கிறது என்று சொன்னா. பெயர் ஞாபகமில்லை. ஓலைக்கும் அது தெரியாது.

அன்றைக்கு அந்த ஒழுங்கையில் குருவி கீழே பார்த்தது.

நான் அதைக் கண்டேன். கண்டும், கையில் இருந்த துண்டை இன்னொருதரம் வாசித்தேன். 'கலியாணம்' என்றுதான் இருந்தது. "தோரணம் கட்டத் தெரியாதவன் கட்டியிருக்கிறான், விடு றோய்" என்றேன்.

றோய் பின்பக்கமாக உள்ளே எடுத்தான். முதலில் மதிலுக்கு மேலாலே மயிலின் தலை உள்ளே போனது. பிறகுதான் பட்டா.

முற்றத்தில் வெள்ளை வேட்டிகள் எழும்பி நின்றன. ஒரு கிழவர் மயிலைப் பார்த்துக் கைகூப்பினார். ஏன் என்று தெரியாது, பழக்கதோசமாக இருக்கலாம். உதயகலா வெளியே வந்தா. மயிலைக் கண்டா. அழுகைக்கு நடுவிலே வாய்விட்டுச் சிரித்தா. அந்தச் சிரிப்பில் எல்லாருடைய துக்கமும்

இல்லை. அவ சிரிக்கவில்லை. சிரித்தால் கதை நன்றாயிருக்கும், எனக்கும் மன்னிப்புக் கிடைத்த மாதிரி இருக்கும். இந்தப் பகுதியை மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் சிரித்தா, ஒன்றில் திட்டினா, ஒன்றில் மயங்கி விழுந்தா. மூன்றும் பொய். நடந்தது இவ்வளவுதான்: அவ மயிலைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, கேட்டா.

"அண்ணை, நிழலுக்கு ஏதும் கொண்டந்தனீங்களோ?"

அவவின் தாய் கிணத்துக்கட்டில் வெயிலுக்குள் இருந்தா. தலையில் ஒரு ஈரத்துவாய். சனம் மதிலோரம் இருந்த ஒரு சாண் நிழலில் வரிசையாக ஒட்டிக்கொண்டு நின்றது.

பந்தல் துணி சிவப்பு, உள்பக்கம் வெள்ளை. புரட்டிப் போட்டுக் கட்டினோம். பாலேஸ்வரி நூறு கதிரையிலும் இருந்த பொன் பட்டியை அவிழ்த்தா. முடிச்சுப் போட்டதும் தானே என்பதால் ஒவ்வொரு முடிச்சுக்கும் தன்னையே ஒரு பேச்சுப் பேசினா. மயிலைத் தறப்பாளால் மூடினோம். பதினொரு மணிக்கு முன் கேட்ட நிழல் ஒரு மணிக்கு விழுந்தது. முதல் கதிரையைக் கொண்டுபோய் அந்தத் தாயை இருத்தினேன். அவ என் கையைப் பிடித்துக்கொண்டு, "மோனை, நீயும் இரன்" என்றா.

நான் இருக்கவில்லை. இன்னும் தொண்ணூற்றொன்பது கதிரை இருந்தது.

8.

கடைக்கு வந்ததும் முதலாளி சொன்னார், பிழை துண்டை வாசித்தவனில் என்று. பிரதீபா சொன்னா, பிழை பட்டனில் என்று. இரண்டு பேரும் சரி என்று நான் நினைத்தேன். ஆனால் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமைதான் கேட்டா. "நான் சொன்னால் சேர் கேக்கிறாரில்லை, அங்கிள். எனக்குக் கடை நடத்தத் தெரியாதாம். பதினெட்டு வருசம் அந்த வீடுகளுக்குப் போன ஆள் எழுதினால் கேப்பார். எழுதித் தாங்கோ, நான் திருத்திறன்."

அதுதான் இந்தக் கொப்பி. நாலு வரி: செத்தவீடு என்று எழுதின பட்டன் முதலில் வர வேண்டும். பாட்டு வேண்டாம், படம் வேண்டாம். இன்றைக்கு என்றால் இன்றைக்கு. எந்த ஒழுங்கை என்று மட்டும் கேட்க வேண்டும்.

எழுதினால் அவ திருத்துவா. திருத்தினால் வெப்சைட் ஓடும். ஓடினால் மேசை இல்லை. முதலாளி சொன்ன தவணை இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. பேசாமல் இருந்தால் காணும், கை வைக்கிற கதிரை என்னுடையது.

யோசப்பினைக் கேட்டேன். "எல்லாரும் சனத்துக்கு என்ன கஷ்டம் எண்டு கேக்கினம். உங்கடை முழங்காலும் ஒரு சனம்தானே. அதையும் ஒருக்கால் கேளுங்கோ" என்றா.

பாலேஸ்வரியைக் கேட்டேன். "எழுதிறதெண்டால் எழுதுங்கோ, எழுதாட்டில் விடுங்கோ. ஆனா அடுத்தமுறை மயிலை நான் துடைக்கமாட்டன்."

9.

முடிவு. பட்டன் மாதிரியே வைக்கிறேன்.

கொடுக்கிறேன்: நாளைக்குப் பிரதீபா வருகிறா, கொப்பியை நீட்டுகிறேன், முதலாளி வாசித்துக் கண் கலங்குகிறார். இது முதலாளியின் அல்பத்தில் ஏழாவது படம் மாதிரி இருக்கிறது. அவர் இவ்வளவு வாசிக்கமாட்டார்.

கொடுக்கவில்லை: "எல்லாம் நல்லாயிருக்கு பிள்ளை, ஒரு கஷ்டமும் இல்லை" என்கிறேன். மாதக் கடைசியில் மேசையில் இருக்கிறேன். கையை வைக்கிறேன். போன் அடிக்கிறது. வெப்சைட்டில் நாதஸ்வரம் கேட்டுவிட்டு, 'விரைவில்' பார்த்துவிட்டு, களைத்து வந்த ஒரு குரல். இதை எழுதும்போது முழங்கால் நோகவில்லை. வேறு எங்கேயோ நொந்தது.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. செத்தவீடு என்ற பட்டனை அமத்தினால் ஒன்றும் எழுதக் கேட்காது, நேரே கடைக்குப் போன் போகும். ஏனென்றால் அன்றைக்கு ஒருவராலும் பெட்டி நிரப்ப ஏலாது, மனிசக் குரல்தான் வேண்டும். குரலுக்கு ஒரு ஆள் வேண்டும். ஆளுக்கு ஒரு கதிரை. சனத்துக்கும் சரி, எனக்கும் சரி. யோசித்ததும் எழும்பி நின்றுவிட்டேன். பிறகு சந்தேகம் வந்தது. இது அந்தத் தாய்க்காக யோசித்ததோ, என் முழங்காலுக்காக யோசித்ததோ? எனக்குத் தெரியவில்லை. தெரியாததை நானே தெரிவு செய்யக்கூடாது.

நாலாவது, ஏனையவை. அதை அமத்தினால் 'விரைவில்' வராது. நீங்கள்தான் வருவீர்கள். கொப்பி இப்போது உங்கள் கையில் இருக்கிறது. நாளைக்குக் காலமை பிரதீபா வருவா. அவவிடம் கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். நான் கதிரை ஏற்றப் போய்விடுவேன், பார்க்கமாட்டேன்.

ஒன்று மட்டும் செய்யுங்கோ. அடுத்த மாதம் ஒருநாள் கடைக்குப் போன் எடுத்துப் பாருங்கோ. நம்பர் வெப்சைட்டில் இருக்கும். பெரிய எழுத்தில் இருக்குமோ, எறும்பாக இருக்குமோ, அது உங்களைப் பொறுத்தது. எடுக்கிற குரல் வணக்கம் சொல்லாது. "என்ன வீடு?" என்று கேட்கும். மறுமொழி சொல்ல முதல் ஒரு நிமிசம் காது கொடுங்கோ. அந்த ஆள் கதிரையில் இருந்துகொண்டு கேட்கிறானோ, ஆறு கதிரையை இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்து நின்றுகொண்டு கேட்கிறானோ என்று மூச்சிலே தெரியும்.